மகனின் வெற்றியைக் கல்லில் எழுதிய தாய்

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்குப் பாண்டிய மன்னர்களுக்கு முன்பே பிரான்ஸ் நாட்டு அரசர்கள் அறிமுகம். வரிசையாக லூயிகள், ஆன்றிகள், நடுவில் ஒரு பிரான்சுவா. அந்த முதலாம் பிரான்சுவா தன் தாய்க்கு எழுதிய இரண்டு கடிதங்கள் மிகவும் பிரசித்தம். 1515 செப்டம்பரில் இத்தாலியில் மாரிஞ்ஞானோ என்ற இடத்தில் சுவிஸ் படையைத் தோற்கடித்ததும், இருபத்தோரு வயது அரசன் முதல் வேலையாகத் தாய்க்கு எழுதினான். இரண்டாயிரம் ஆண்டுகளில் இப்படி ஒரு கொடும்போர் நடந்ததில்லை என்று அதில் பெருமை அடித்துக்கொண்டான். பத்து ஆண்டுகள் கழித்து, 1525 பிப்ரவரியில், பாவியா போரில் தோற்றுக் கைதியானபோதும் அதே தாய்க்குத்தான் எழுதினான். மானமும் உயிரும் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

இரண்டு முறையும் மகனுக்குப் பதிலாக நாட்டை நிர்வகித்துக்கொண்டிருந்தவர் தாய் லூயீஸ். 1529-இல் காம்பிரே நகரில் எதிர்த்தரப்பு அரச குடும்பத்துப் பெண்மணியான மார்கரெட்டுடன் உட்கார்ந்து பேசிச் சமாதானம் செய்தவரும் அவரே. ‘பெண்மணிகள் செய்த சமாதானம்’ என்றே அதற்குப் பெயர். ஆனால் பாடப்புத்தகத்தில் இடம் பிடித்தது மகன் எழுதிய வாசகங்கள்தாம். தாய் என்ன எழுதினார் என்று எந்த வாத்தியாரும் எங்களைக் கேட்டதில்லை.

போர் முடிந்ததும் தாய் என்ன எழுதுவாள்? இதற்குப் பதில் தேடி ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. நம் நாட்டில், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன், ஓர் அரச மாதா மகனின் போர் வெற்றியைப் பற்றி எழுதி வைத்தது இன்னும் அப்படியே இருக்கிறது. ஓலையிலோ துணியிலோ எழுதியிருந்தால் எப்போதோ போயிருக்கும். அவர் கல்லில் எழுதச் சொன்னார்.

அந்த அம்மையாரின் பெயர் கௌதமி பாலஸ்ரீ. மகன் கௌதமிபுத்திர சாதகர்ணி, சாதவாகன அரசன். இடம் மகாராஷ்டிரத்தில் நாசிக் நகருக்குத் தெற்கே உள்ள மலை. இன்று பாண்டவ லேணி என்று அழைக்கிறார்கள். பாண்டவர்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பழைய பெயர் திரிரஷ்மி. மலையின் இடுப்பில் வரிசையாக 24 குடைவரைகள், பெரும்பாலும் பௌத்தத் துறவிகள் தங்குவதற்காக வெட்டியவை. இவற்றில் 3-ஆம் எண் குகை பாலஸ்ரீ கொடுத்தது. அதன் முகமண்டபத்தில் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் அவருடைய வாசகம் இருக்கிறது. இந்த நாசிக் கல்வெட்டுகளை ‘எபிகிராபியா இண்டிகா’ எட்டாம் தொகுதியில் முறையாகப் பதிப்பித்தவர் எமீல் செனார் என்ற பிரெஞ்சு அறிஞர்.

சாதவாகனர் என்றால் நமக்கு யாரோ வடக்கத்தியர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் வடக்கே போகும்போது கங்கையைக் கடக்க ஓடம் தந்து உதவிய நூற்றுவர் கன்னர் நினைவிருக்கும். சாதகர்ணி என்ற பெயரைச் ‘சதம்’, ‘கர்ணம்’ என்று பிரித்துத் தமிழாக்கியதுதான் நூற்றுவர் கன்னர் என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் இளங்கோவடிகளுக்கே தெரிந்த குடும்பம்.

இனி போருக்கு வருவோம்.

மேற்கிந்தியாவில் அன்று சகர்களின் ஆட்சி. க்ஷகராத வம்சத்து நகபானன் அரசன். அவன் மருமகன் உஷவதாதன் பெரிய கொடையாளி. இதே திரிரஷ்மி மலையில் 10-ஆம் எண் குகையை வெட்டிக் கொடுத்தவன் அவன்தான். அவனுடைய கல்வெட்டில் ஒரு கணக்கு வருகிறது. கோவர்த்தன நகரத்து நெசவாளர் சங்கத்திடம் 2,000 காசுகள் வைப்பு. மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. அந்த வட்டியில், தன் குகையில் மழைக்காலம் தங்கும் 20 துறவிகளுக்கு ஆளுக்கு 12 காசு துணிச் செலவு. போட்டுப் பாருங்கள்: மாதம் 20, ஆண்டுக்கு 240, இருபது பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பன்னிரண்டு. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆபீசில் வரவு செலவு எழுதியவர்களுக்கு இப்படிப்பட்ட கல்வெட்டைப் பார்த்தால் மரியாதை தானாக வரும்.

இந்த நகபானனைக் கௌதமிபுத்திரன் போரில் ஒழித்தான். புலவர் சொன்ன புகழ்ச்சியை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. 1906-இல் நாசிக் அருகே ஜோகல்தம்பி என்ற ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள், எல்லாம் நகபானன் காலத்தில் அடித்தவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலான காசுகளில், நகபானனின் தலைக்கு மேலேயே கௌதமிபுத்திரனின் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். தோற்றவனின் பணத்தை உருக்கக்கூட இல்லை. அதன் மேலேயே தன் பெயரைப் போட்டுச் செலாவணிக்கு விட்டான். நாணயம் இதைவிடத் தெளிவாகச் சாட்சி சொல்ல முடியாது.

வெற்றி கிடைத்ததும் அரசன் அனுப்பிய உத்தரவு ஒன்று 3-ஆம் குகையில் இருக்கிறது. ஆட்சியின் 18-ஆம் ஆண்டு, மழைக்காலத்தின் இரண்டாவது பட்சம், முதல் நாள். வெற்றிப் படையின் பாசறையிலிருந்து கோவர்த்தனத்து அமாத்தியர் விஷ்ணுபாலிதருக்கு எழுதியது. விஷயம் மிகச் சுருக்கம். மேற்குக் ககடி கிராமத்தில் உஷவதாதன் அனுபவித்துவந்த 200 நிவர்த்தன நிலத்தைத் துறவிகளுக்குத் தருகிறோம். அந்த நிலத்துக்குள் அரசு ஆட்கள் நுழையக் கூடாது, அதைத் தொடக் கூடாது, உப்புக்காகத் தோண்டக் கூடாது. கடைசியில், வாய்மொழியாகப் பிறந்த உத்தரவு, அதை எழுதியவர் அமாத்தியர் சிவகுப்தர், பட்டயம் ஆக்கியவர் தாபசர் என்று கையெழுத்து வரிசைபோல வருகிறது.

போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘உஷவதாதன் அனுபவித்துவந்த’ என்ற சொற்றொடர் ஒன்றே போதும். நேற்று அவனுடையது, இன்று எங்களுடையது. தாலுகா ஆபீசில் பட்டா மாறும்போது கோப்பில் எழுதும் தொனி. உலகத்தில் எவ்வளவு பெரிய போர் நடந்தாலும் கடைசியில் அது ஒரு நில மாறுதலாகத்தான் ஏட்டில் ஏறுகிறது.

அடுத்த கடிதம் ஆறு ஆண்டுகள் கழித்து, 24-ஆம் ஆண்டில். இது அரசன் மட்டும் அனுப்பியது அல்ல. அரசனும் அரசனின் தாயும் சேர்ந்து அனுப்பியது. இப்போது கோவர்த்தனத்தில் அமாத்தியர் மாறிவிட்டார். சாமகர் என்பவர் இருக்கிறார். முதலில் அவரிடம் நலம் விசாரிக்க வேண்டுமாம், பிறகு விஷயத்தைச் சொல்ல வேண்டுமாம். இந்த நாகரிகம் முந்தைய கடிதத்தில் கிடையாது. தாய் சேர்ந்ததால் வந்ததோ என்று எனக்கு ஒரு சபலம்.

விஷயம் இதுதான். முன்பு ககடி கிராமத்தில் துறவிகளுக்கு நிலம் கொடுத்தோம். அந்த நிலம் உழப்படவில்லை. அந்தக் கிராமத்தில் குடியிருப்பாரும் இல்லை. ஆகவே நகர எல்லையில் நமக்குச் சொந்தமான நிலத்திலிருந்து 100 நிவர்த்தனம் கொடுக்கிறோம்.

இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வென்றெடுத்த மண், ஆறே ஆண்டில் உழுவார் இல்லாமல் கிடக்கிறது. காரணம் கடிதத்தில் இல்லை. மழை பொய்த்ததா, போரில் ஊர் கலைந்ததா, பழைய ஆட்சியை நம்பியிருந்த குடிகள் வெளியேறினார்களா, சொல்லவில்லை. ஆனால் இருப்பதை இருப்பது என்று எழுதியிருக்கிறார்கள். நாம் ஜெயித்த ஊர் காலியாகக் கிடக்கிறது என்று அரசாங்கமே தன் ஏட்டில் ஒப்புக்கொள்வது சாதாரண விஷயம் இல்லை. அரசாங்கக் காகிதத்தோடு முப்பது நாற்பது ஆண்டுகள் பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தக் கடிதத்தை எழுதியவர் அரண்மனை வாயிற்காவல் பொறுப்பிலிருந்த லோடா. அந்தப் பதவிப் பெயரும் ஆள் பெயரும் பெண்பால் வடிவில் இருக்கின்றன. அரச மாதா சொல்ல, ஒரு பெண் எழுத, வெளியே போன உத்தரவு அது.

இதில் அரசனின் தாயைக் குறிக்கும்போது ஓர் அடைமொழி வருகிறது: ஜீவசுதா. ‘மகன் உயிரோடு இருக்கப்பெற்றவள்’ என்று பொருள். பெயர் சொல்லவில்லை; இவர் பாலஸ்ரீதான் என்று கொள்கிறார்கள். அரச மாதாவுக்கு எத்தனையோ பட்டம் போடலாம். மகாதேவி என்று போட்டும் இருக்கிறார்கள். அதோடு நிற்காமல், மகன் உயிரோடு இருக்கிறான் என்பதையும் ஒரு பட்டமாகச் சேர்த்திருக்கிறார்கள். நம் பெண்கள் ‘சுமங்கலி’ என்று எழுதுவதுபோல. அரசனுக்கு அப்போது உடல் நலம் இல்லை, அதனால்தான் தாயும் சேர்ந்து உத்தரவு போட்டார் என்று சில ஆய்வாளர்கள் சொல்வது இந்தச் சொல்லை வைத்துத்தான். போரெல்லாம் முடிந்த பிறகும் ஒரு தாய்க்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

24-ஆம் ஆண்டுக்குப் பிறகு தேதி போட்ட கௌதமிபுத்திரனின் உத்தரவு இந்த மலையில் இல்லை. அடுத்து வருவது பேரன் வாசிஷ்டிபுத்திர புலுமாவியின் 19-ஆம் ஆண்டு. கோடைக்காலத்தின் இரண்டாவது பட்சம், பதின்மூன்றாம் நாள். இப்போதுதான் பாலஸ்ரீ தம் பெயரிலேயே பேசுகிறார். தம்மை மகாராஜாவின் தாய், மகாராஜாவின் பாட்டி என்று சொல்லிக்கொள்கிறார். ‘ஜீவசுதா’ என்ற சொல் இதில் இல்லை.

தந்தையும் மகனும் ஒரே காலத்தில் ஆண்டார்கள் என்று முன்பு ஒரு வாதம் இருந்தது. இன்று பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. அப்படியானால் மகன் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பாலஸ்ரீயின் வயதை நாமே கணக்குப் போடலாம். மகன் பிறந்தபோது அவருக்குப் பதினாறு, மகன் இருபதில் பட்டம் ஏறினான் என்று வைத்துக்கொண்டால், மகனின் 24 ஆண்டும் பேரனின் 19 ஆண்டும் சேர்த்து 79 வருகிறது. எண்பதைத் தொட்ட ஒரு மூதாட்டி, இறந்துபோன மகனின் வெற்றியை எழுதச் சொல்கிறார்.

வரைவு அவர் கையால் எழுதியது அல்ல, உண்மைதான். அரண்மனைப் புலவரோ எழுத்தரோ எழுதியிருப்பார். ஆனால் வரைவு யாருடையது ஆனாலும் உத்தரவு யார் பெயரில் போகிறதோ அவருடையது என்பது எல்லா ஆபீசுக்கும் பொது விதி. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில் அவருடைய விருப்பம் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் மகன் ஆண்ட நாடுகளின் பட்டியல்: அசிகம், அசகம், மூலகம், சுராஷ்டிரம், குகுரம், அபராந்தம், அனூபம், விதர்ப்பம், ஆகரம், அவந்தி. பிறகு அவனுக்கு உரிய மலைகள்: விந்தியம், பாரியாத்திரம், சஹ்யம் என்று போய், மலயம், மகேந்திரம் வரை. இந்த மலயம் நமக்கு நெருங்கியது. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடியை, பொதிகையைச் சேர்த்து, பழைய நூல்கள் மலயம் என்று சொல்லும். ஆலங்குளத்தில் நின்று மேற்கே பார்த்தால், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பின்னால் நீலமாகத் தெரிகிற தொடர் அதன் பக்கம்தான். சாதவாகனர் பாண்டி நாட்டை ஆண்டதற்குச் சான்று ஏதும் இல்லை. மகனின் குதிரைகள் மூன்று கடல் நீரையும் குடித்தன என்றும் எழுதியிருக்கிறார். பாண்டியனைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான். தாய் எழுதும்போது நாலு ஊர் கூடத்தான் வரும், நாம் மன்னித்துவிடலாம்.

பட்டியல் முடிந்ததும் மகனின் அழகு. கதிரவன் பட்டு மலர்ந்த தாமரை போன்ற முகம், முழுநிலா போன்ற பொலிவு, யானை நடை, நீண்டு திரண்ட கைகள். அடைக்கலம் கேட்டவருக்கு ‘அஞ்சாதே’ என்று நீர் வார்த்துக் கொடுத்து ஈரமாகவே இருந்த கை. இதற்கு அடுத்ததாக, தாய்க்கு இடைவிடாமல் பணிவிடை செய்தவன் என்று வருகிறது. அதற்குப் பிறகு, குடிமக்களின் சுகத்திலும் துக்கத்திலும் வேறுபாடில்லாமல் பங்குகொண்டவன்.

சகர், யவனர், பஹ்லவர் ஆகியோரை அழித்தவன் என்ற போர்ச் செய்தி இவ்வளவுக்கும் பிறகுதான் வருகிறது. அதையும் சொல்லிவிட்டு உடனே, அறவழியில் மட்டும் வரி வாங்கியவன் என்கிறார். அடுத்து, குற்றம் செய்த எதிரியின் உயிரைக்கூட வாங்க விருப்பமில்லாதவன் என்கிறார். இதற்கு ஓர் அடைமொழி தள்ளி, க்ஷகராத வம்சத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் செய்தவன், சாதவாகன குலத்தின் புகழை மீண்டும் நிலைநாட்டியவன் என்கிறார். நான்கு வருணங்கள் கலக்காமல் தடுத்தவன் என்ற ஒரு பாராட்டும் பின்னால் உண்டு. ராமன், கேசவன், அர்ச்சுனன், பீமன் என்று உவமைகள் வேறு.

எதிரியின் உயிரை வாங்கவும் மனமில்லாதவன். எதிரியின் வம்சத்தையே துடைத்தவன். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலில் படித்தபோது எனக்கு இது புரியவில்லை. இதை எழுதச் சொன்னவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது வாய்மை, கொடை, பொறுமை, உயிர்களுக்குத் தீங்கு செய்யாமை இவற்றில் மகிழ்பவர் என்கிறார். தவமும் அடக்கமும் உடையவர், ராஜரிஷி குடும்பத்து மருமகள் என்ற சொல்லுக்குப் பொருத்தமாக வாழ்ந்தவர். இவ்வளவும் சொன்னவர் ‘ஒருவர் மிச்சமில்லாமல்’ என்பதையும் சேர்த்திருக்கிறார்.

இது பொய் என்றோ போலி என்றோ சொல்ல நான் தயார் இல்லை. போர் ஜெயித்த மகனின் தாய்க்கு இரண்டும் வேண்டும். மகன் வென்றான் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். மகன் கொடியவன் அல்ல என்பது தமக்குத் தெரிய வேண்டும். புகழ்ச்சி எழுதும் புலவனுக்கு முதலாவது போதும். சோழர் மெய்க்கீர்த்திகளைப் பாருங்கள். கொண்ட நாடும் கவர்ந்த பொருளும் வரிசையாக வரும், எதிரியின் உயிரை எடுக்க மனமில்லை என்ற வரியைத் தேடினாலும் கிடைப்பது அரிது. அந்த வரியைப் போட ஒரு தாய் வேண்டியிருந்தது.

இங்கே இன்னொரு பெண்ணையும் சொல்லியாக வேண்டும். அதே மலையில், நடக்கும் தூரத்தில், 10-ஆம் குகை இருக்கிறது என்றேன் அல்லவா? அதில் துறவிகள் தங்க அறை கொடுத்தவர்களில் ஒருவர் தக்ஷமித்திரா. அறை வாசலுக்கு மேலே இருக்கும் சிறிய கல்வெட்டு அவரை இரண்டு உறவால் அறிமுகம் செய்கிறது: க்ஷகராத க்ஷத்ரப அரசன் நகபானனின் மகள், தினீகனின் மகன் உஷவதாதனின் மனைவி. மிச்சமில்லாமல் போனதாக பாலஸ்ரீ எழுதிய அதே வம்சத்துப் பெண். தோற்றவர்களின் வீட்டில் போரைப் பற்றி யாரும் எழுதவில்லை. இந்த ஓர் அறைதான் அவர் பங்கு.

ஜெயித்தவர்கள் நினைத்திருந்தால் அந்த எழுத்தைக் கொத்தி எடுத்திருக்கலாம். காசில் நகபானனின் முகத்தின் மேல் முத்திரை குத்தியவர்களுக்குக் கல்லில் நாலு வரியைச் சிதைப்பது பெரிய வேலையா? செய்யவில்லை. உஷவதாதனின் நீண்ட கல்வெட்டும் இருக்கிறது, தக்ஷமித்திராவின் சின்னக் கல்வெட்டும் இருக்கிறது. துறவிகளுக்குச் செய்த தர்மத்தில் பகை காட்டக் கூடாது என்ற மரியாதை அது. அதோடு, பாலஸ்ரீயின் குகையைக் கட்டியவர்கள் அந்த 10-ஆம் குகையின் அமைப்பையே பெரும்பாலும் பின்பற்றியிருக்கிறார்கள். எதிரியின் கட்டடம் நன்றாக இருந்தால் அதைப் பார்த்துக் கட்டுவதில் வெட்கம் இல்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

வெற்றி எவ்வளவு காலம் நின்றது? அதையும் பார்த்துவிடலாம். கி.பி. 150-ஐ ஒட்டிய குஜராத்து ஜுனாகட் கல்வெட்டில், வேறொரு சக வம்சத்து ருத்ரதாமன் தன் நாடுகளைப் பட்டியல் போடுகிறான். சுராஷ்டிரம், குகுரம், அபராந்தம், அனூபம், ஆகரம், அவந்தி. பாலஸ்ரீயின் பட்டியலில் பாதிக்கு மேல் அங்கே போய்விட்டது. தட்சிணாபத அரசன் சாதகர்ணியை இரண்டு முறை தோற்கடித்தும், நெருங்கிய உறவினன் என்பதால் அழிக்காமல் விட்டதாக அவன் சொல்கிறான். என்ன உறவு? மும்பைக்கு அருகே கான்ஹேரிக் குகைக் கல்வெட்டு பதில் சொல்கிறது. புலுமாவியின் தம்பி என்று கருதப்படும் வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் ராணி ஒரு மகாக்ஷத்ரபனின் மகள், சகக் குடும்பத்துப் பெண். அவள் தந்தை இந்த ருத்ரதாமன்தான் என்பது பலருடைய முடிவு.

அதாவது, சகரை அழித்ததையும் கலப்பைத் தடுத்ததையும் பாட்டி கல்லில் எழுதினார். பேரன் தலைமுறையில் சகப் பெண் மருமகளாக வீட்டுக்குள் வந்தாள். வாளால் முடியாததை அந்தக் கல்யாணம் கொஞ்சமாவது முடித்தது. இரண்டு முறை தோற்ற சாதகர்ணியை உயிரோடு விட்டுவைத்தது அந்த உறவுதான். பிரான்சுவாவின் தாய் 1529-இல் எதிர்த்தரப்புப் பெண்மணியோடு உட்கார்ந்து போரை முடித்ததை நினைத்துக்கொள்கிறேன். சண்டையை மகன்கள் ஆரம்பிக்கிறார்கள், முடிப்பதற்கு எப்போதும் வீட்டுப் பெண்கள் வர வேண்டியிருக்கிறது.

நம் புறநானூற்றிலும் போர்க்களத்துத் தாய்மார்கள் உண்டு. மகன் முதுகில் காயம் பட்டு இறந்தானோ என்று களத்தில் தேடிய முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியிருக்கிறார். முந்தைய நாள்களில் தந்தையையும் கணவனையும் இழந்தும், இருக்கும் ஒரே சிறுவனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்பிய பெண்ணை ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். ஆனால் அந்தத் தாய்மார்களுக்குப் பெயர் இல்லை. அவர்களுக்காகப் பேசுபவர்கள் புலவர்கள். பாலஸ்ரீக்குப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அவர் பெயரிலேயே வாசகம் இருக்கிறது. அரண்மனைத் தாய் என்பதால் கிடைத்த வசதி அது. சாதாரணக் குடும்பத்துத் தாய்க்குக் கல்வெட்டு வெட்ட யார் பணம் கொடுப்பார்கள்?

சாதவாகன அரசர்கள் தாயின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆட்சி என்னவோ தந்தை வழியில்தான் போயிற்று. இன்ஷியல் மட்டும் தாயுடையது. பின்னால் வந்த அவர்களுடைய வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் ஒரு தென்னாட்டு மொழியும் இருக்கின்றன. அது தமிழா, பழைய தெலுங்கா என்று அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. நம் ஆர். நாகசாமி தமிழ் என்றே படித்தார். எந்த மொழி ஆனாலும், பிராகிருதத்தில் ‘புத்திரன்’ என்று இருக்கும் இடத்தில் மறுபக்கம் இருக்கும் சொல்லை நம் ஊர்ப் பிள்ளைகள்கூடப் படித்துவிடலாம். ‘மகன்’ என்ற சொல்தான் அது. வாசிஷ்டி மகன். கடைத்தெருவில் கைமாறும் காசில் தாயின் பெயரும் ‘மகன்’ என்ற சொல்லும்.

கல்வெட்டின் முடிவு வெற்றியைப் பற்றியது அல்ல. கைலாச சிகரம் போன்ற இந்த மலையில், தேவர் மாளிகைக்கு ஒப்பான குகையை பதாயனீயப் பிரிவுத் துறவிகளுக்குப் பாலஸ்ரீ தானம் செய்கிறார். பாட்டியை மகிழ்விக்க, பேரன் புலுமாவி குகையின் அலங்காரத்துக்காக ஒரு கிராமத்தைச் சேர்த்துக் கொடுக்கிறான். அந்தப் புண்ணியத்தைத் தன் தந்தைக்கு உரியதாக்குகிறான். இவ்வளவு நீளமான வாசகத்தில் மகனுக்கென்று போய்ச் சேருவதாகச் சொன்னது அந்தப் புண்ணியம் ஒன்றுதான். நாடுகளும் மலைகளும் படிப்பவர்களுக்காக எழுதியவை.

மூன்று ஆண்டு கழித்து, புலுமாவியின் 22-ஆம் ஆண்டில், இந்தக் குகைக்கு விட்ட சுதசண என்ற கிராமத்துக்குப் பதிலாகச் சாமலிபத என்ற கிராமத்தை மாற்றிக் கொடுத்து இன்னோர் உத்தரவு. வழக்கம்போல அமாத்தியர் பெயர், விலக்குகள், தேதி. அதில் குகையின் பெயர் ‘தேவி லேண’. ராணி குகை என்று அர்த்தம். போரில் வென்ற மகனின் பெயரையோ பேரனின் பெயரையோ அதற்கு வைக்கவில்லை.

நாசிக், திரியம்பகம், ஷீரடி என்று யாத்திரை போகிறவர்கள் நம் பக்கத்திலும் நிறையப் பேர் உண்டு. ஒரு காலை நேரத்தை மிச்சம் பிடித்துப் பாண்டவ லேணிக்கும் போய்வாருங்கள். படிகள் ஏறக் கொஞ்சம் சிரமம். மூட்டு வலி உள்ளவர்கள் வெயிலுக்கு முன் நிதானமாக ஏறுவது நல்லது. 3-ஆம் குகையின் அடித்தளத்தைக் கவனியுங்கள். பூமியிலிருந்து பாதி எழுந்த பெரிய உருவங்கள் மண்டபத்தின் பாரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருக்கும். பாலஸ்ரீயின் எழுத்து மேலே இருக்கிறது. அதைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல் 10-ஆம் குகைக்கும் நடந்துபோய், தக்ஷமித்திரா கொடுத்த அறையின் வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டையும் பார்த்தால்தான் அந்தப் போரை முழுவதும் பார்த்ததாக ஆகும்.